அளவெடுக்கப் போனவர்

மீமிசல் கடைத்தெருவில் அவர் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஊரில் வேறு இரண்டு பேரும் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் டெய்லர் என்று மொட்டையாகச் சொன்னால் அவரைத்தான் குறிக்கும். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை ஆத்தா என்பார். ஸ்கூல் யூனிபாரம் தைக்கப் போன வயதிலும் ஆத்தாதான், புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் ஆத்தாதான்.

அவரிடம் யாரும் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவிட்டுத் தப்பித்துப் போக முடியாது. எங்கள் ஊர் ஆட்கள் ஒவ்வொருவரின் அளவும் அவருடைய நோட்டில் வருஷக் கணக்கில் இருந்தது. சட்டைத் துணியோடு போய் நின்றால் முதலில் சௌக்கியம் விசாரிப்பார். நாம் நல்லா இருக்கேன் என்போம். டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய பக்கத்தைப் புரட்டுவார்.

“நல்லா இருக்கேன்றீங்க. போன தீவாளிக்கு முப்பத்தாறு இருந்த இடுப்பு இப்ப முப்பத்தி மூணுல நிக்கிது. தண்ணி நெறையா தவிக்குதா? சுகர் பாத்தீங்களா?”

அப்படி அவர் கேட்டு, போய்ப் பார்த்து, சர்க்கரை வியாதி என்று தெரிந்துகொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். டெய்லரிடம் சட்டை தைக்கக் கொடுத்தால் ஆஸ்பத்திரி வழியாகத்தான் வீட்டுக்கு வர முடியும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் காதிலும் அது விழும். சிரித்துக்கொள்வார். ஆனால் கேட்பதை விடமாட்டார்.

எல்லாக் கேள்வியும் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். நான் பிளஸ் டூ படித்தபோது பக்கத்து வீட்டு மதினி, அளவு ரவிக்கை ஒன்றை என்னிடம் கொடுத்து, புது ரவிக்கைகளுக்குக் கையை முழங்கை வரைக்கும் நீளமாக வைக்கச் சொல்லிவிட்டார். நல்ல சித்திரை வெயில். டெய்லர் அந்த ரவிக்கையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த வேக்காட்டுல எதுக்குத்தா கை நீளம்?” என்றார். எனக்கு என்ன தெரியும். மறுநாள் மதினியின் புருஷன் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நாலு பேருக்கு நடுவில், “ஒங்க வீட்ல ஏன் கை நீளமாக் கேக்குறாங்க? கையில என்ன?” என்று கேட்டுவிட்டார். அந்த மனுஷன் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு மதினி தன் துணிகளை அறந்தாங்கிக்குக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். அவன் அடிப்பதை நிறுத்தினானா, கூடுதலாக அடித்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு டெய்லர் மேல் கோபம்தான் வந்தது. கேட்கிறவருக்கு என்ன, வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் வேறு ஆள்தானே என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னைவிட்டுப் போகவே இல்லை. பின்னாளில் நான் செய்ததற்கெல்லாம் அதுதான் காரணமோ என்னவோ.

அவர் வளைகுடாவில் எட்டு வருஷம் கம்பெனி யூனிபாரம் தைத்துவிட்டு வந்தவர். வந்த பிறகும் பாஸ்போர்ட்டைத் தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தார். அந்தப் பாஸ்போர்ட்தான் அவரைப் புது வேலையில் இழுத்துவிட்டது.

எங்கள் கரைக்கு அந்தக் கஷ்டம் புதிதல்ல. மீனைத் துரத்திக்கொண்டு போகிற படகு எல்லைக் கோட்டைத் தாண்டிவிடும். சில நேரம் தாண்டாமலும் இருக்கும், யார் போய்க் கடலில் கோடு பார்த்தது. அக்கரைக் கடற்படை வந்து படகோடு ஆட்களைக் கொண்டுபோய்விடும். கோர்ட்டில் நிறுத்துகிற வரைக்கும் கடற்படை முகாமுக்குள்ளேயே ஒரு கூடத்தில் அடைத்து வைத்திருப்பார்கள். மனு மேல் மனு கொடுத்தால் எப்போதாவது பார்க்க அனுமதி வரும். அனுமதி வந்தாலும் போவதற்கு யாரிடமும் பாஸ்போர்ட் இருக்காது. கடலுக்குள் போகிற எங்கள் ஆட்கள் பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவார்கள்? எங்கள் ஊரில் முதல் தடவை ஐந்து பேர் பிடிபட்டபோது, மீனவர் சங்கத்துக்காரர்கள் கையில் பாஸ்போர்ட் இருக்கிற ஆள் யார் என்று தேடித் தேடிக் கடைசியில் டெய்லர் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

அந்தப் பயணத்தைப் பற்றி அவர் கடையில் உட்கார்ந்து சொன்னதைப் பத்து தடவையாவது கேட்டிருப்பேன். பிடிபட்டவர்கள் கடலில் கட்டியிருந்த கைலியோடும் டவுசரோடும் இருப்பார்கள் என்று தெரிந்து, ஐந்து பேருக்கும் அவரவர் அளவில் சட்டை தைத்து எடுத்துப் போயிருந்தார். அங்கே ஆபீசர் ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தினாராம். பக்கத்தில் துப்பாக்கியோடு இருவர். எப்படி இருக்கீங்கப்பா என்று இவர் கேட்க, ஐந்து பேரும் ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் “நல்லா இருக்கோம்” என்றார்களாம்.

“அஞ்சு பேரும் ஒன்னாச் சொன்னாங்கத்தா. ஒரு ஆளுக்காவது பல்லு வலி, வயித்து வலி இருக்காதா? அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு” என்பார்.

சட்டையைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் தொளதொள என்று தொங்கியிருக்கிறது. உடனே சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்திருக்கிறார். அளவு சரியில்லை, திருத்தித் தைக்க வேண்டும், அளவெடுத்துக்கொள்ளட்டுமா என்று ஆபீசரிடம் கேட்டார். ஆபீசருக்குச் சிரிப்பு. எடுத்துக்கொள் என்றுவிட்டார். கழுத்து, மார்பு, இடுப்பு என்று ஒவ்வொருவராக எடுத்தார். கையைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார், திரும்பச் சொன்னார். தொட்ட இடத்தில் எவன் முகம் சுளிக்கிறான், எவனுக்குக் குனிய வரவில்லை என்று பார்த்து, அளவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். கடைசியில் அந்த ஆபீசரே தனக்கும் ஒரு அளவு எடுக்கச் சொன்னாராம். “நாப்பத்தி நாலு இடுப்பு. அந்த முகாமுல அவரு ஒருத்தருக்குத்தான் ஏறியிருந்துச்சு” என்று சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு குறும்பு வரும்.

திரும்பி வந்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் புதுக்கோட்டைக்கு வந்தார். மனுவை நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். அதில் கெஞ்சலும் இல்லை, கோஷமும் இல்லை. ஐந்து பெயர்கள், பிடிபடுவதற்கு முந்தைய அளவு, இப்போதைய அளவு. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, மனுவா, சட்டை பில்லா?” என்று கேட்டார்.

“ஒரு மாசத்துல ஒரு ஆளுக்கு மூணு இஞ்ச் எறங்கியிருக்குங்க ஐயா. அந்த மூணு இஞ்ச் எங்க போச்சுன்னு அவங்கள்ட்ட நீங்க கேட்டுச் சொல்லணும்” என்றார் இவர்.

அதிகாரி அதற்குமேல் சிரிக்கவில்லை. மேலே எழுதினார்கள். அங்கே போய் என்ன ஆனதோ தெரியாது. ஆனால் அடுத்த மாதம் வந்த ஒரு போனில், சோறு இரண்டு வேளையும் ஒழுங்காக வருகிறது என்று அந்த ஐந்து பேரில் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு எவர் பிடிபட்டாலும் டெய்லரைத்தான் அனுப்பினார்கள். அவரும் இஞ்ச் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு, திருச்சியில் விமானம் ஏறிப் போய்வருவார்.

பிறகு என் தம்பி பிடிபட்டான்.

செல்வம் எனக்கு ஒன்பது வயது இளையவன். அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை. படிப்பு ஏறாமல் கடலுக்குப் போனவன். ஏழு பேர் போன படகு, இன்ஜின் நின்று, காற்று தள்ளிக்கொண்டு போனதில் மாட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்ததால், என்றைக்காவது போவோம் என்று நானும் ஒரு பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தேன். அதனால் அந்தத் தடவை டெய்லரோடு நானும் போனேன். ஏழு குடும்பத்தில் சொந்தக்காரி என்று போக முடிந்தது நான் ஒருத்திதான். சங்கத்தில் அதற்குள் பாஸ்போர்ட் எடுத்துவிட்ட இரண்டு பேர் கூட வந்தார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளமான ஷெட். ஒரு மேஜை, பின்னால் ஆபீசர். எங்கள் மொழி அரைகுறையாகத் தெரிந்த ஒரு சிப்பாய் பக்கத்தில் நின்றான். ஏழு பேரையும் கூட்டிவந்தார்கள். செல்வத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாருடைய சட்டையையோ போட்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது.

“அழுவாதக்கா. நல்லா இருக்கேன்” என்றான்.

டெய்லர் வழக்கம்போல டேப்பை எடுத்தார். ஒவ்வொருவராக முடித்துவிட்டுச் செல்வத்திடம் வந்தார். கழுத்து எடுத்தார். மார்பு எடுத்தார். “கைய விரிங்க தம்பி” என்றார். இடது கை எழுந்தது. வலது கை தொடையை விட்டு நகரவே இல்லை. இடுப்பளவு எடுக்கக் குனிந்தார். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்து, ஆபீசரைப் பார்த்துத் திரும்பினார்.

“சார், இந்தத் தம்பிக்கு வலது கை ஏன் தூக்க வரல?”

சிப்பாய் கேட்டுச் சொன்னான். “படகில் விழுந்தது. பிடிக்கும்போது.”

“பிடிச்சு இன்னையோட இருபத்திரண்டு நாள். டாக்டர் பாத்தாரா?”

சிப்பாய் ஆபீசரைப் பார்த்தான்.

“சரி, தோளு விழுந்ததுல போச்சுன்னே வெச்சுக்குவோம். முதுகுல டேப் வெச்சா தடம் தடமாத் தட்டுப்படுதே. அது எதுமேல விழுந்தது?”

ஆபீசர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். நான் டெய்லரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். “போதும்ணே, விட்டுருங்கண்ணே” என்றேன். சிப்பாய் செல்வத்தின் முன்னால் போய் நின்றான்.

“நீ சொல்லு. விழுந்ததா, இல்லையா?”

செல்வம் டெய்லரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “விழுந்துட்டேன்” என்றான்.

ஆபீசர் கோபப்படவில்லை. நிதானமாகவே பேசினார், சிப்பாய் சொன்னான். சொந்தக்காரர் யாராவது புகாராக எழுதிக் கொடுத்தால் இவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஆனால் புகார் என்று வந்தால் விசாரணை வரும். விசாரணை முடியும்வரை இவன் மட்டும் இங்கேயே இருக்க வேண்டும். மற்ற ஆறு பேரும் அடுத்த வாரம் கோர்ட்டுக்குப் போவார்கள். புகார் இல்லையென்றால் இவனும் போகலாம்.

“நான் எழுதித் தாரேன்” என்றார் டெய்லர்.

“நீங்க யார் அவருக்கு?”

“டெய்லர்.”

துப்பாக்கி வைத்திருந்தவன்கூடச் சிரித்துவிட்டான். டெய்லர் காதிலிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். “எழுதுத்தா. இப்பப் பாத்தா எலும்ப உக்கார வெச்சுரலாம். விட்டா கை போயிரும்.”

நான் பென்சிலை வாங்கவில்லை. “நீங்க கேட்டுட்டு ஊருக்குப் போயிருவீங்க. இவன் இங்கதான கெடக்கணும். தனியா விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?” என்றேன். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. நானும் அசையவில்லை. அதற்குள் சிப்பாய் இன்னொரு காகிதத்தை மேஜையில் வைத்தான். எல்லோரையும் நேரில் பார்த்தோம், நலமாக இருக்கிறார்கள், குறை எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. நான் படிக்காமல் போடவில்லை. ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு, ஆபீசர் கொடுத்த பேனாவால் கையெழுத்துப் போட்டேன். சங்கத்துக்காரர்களும் போட்டார்கள். டெய்லர் மட்டும் போடவில்லை. இனி அவருக்கு அனுமதி கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் ஏழு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். விட்டுவிடுவார்கள் என்று பார்த்தால் வழக்கு மூன்று மாதம் இழுத்தது. ஏன் இழுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. டெய்லர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாததால்தான் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள் என்று பேசினார்கள். கடை வாசலில் போய் நின்றே திட்டினார்கள். ஒருவர் தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். நானும் பேசினேன். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. மற்றவர்களைவிட நான்தான் அதிகம் பேசினேன்.

செல்வம் வந்தவுடன் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் எலும்பு டாக்டரிடம் காட்டினேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோள் மூட்டு நழுவி, அப்படியே கூடிவிட்டது என்றார். “முதல் மாசத்துலயே கொண்டுவந்திருந்தா ஒன்னுமில்லம்மா. இப்ப ஆபரேஷன் பண்ணாலும் கையைத் தலைக்கு மேல கொண்டுபோக முடியாது” என்றார். வலை இழுக்கிறவன் பிழைப்புப் போக அது போதும். செல்வம் பிறகு கடலுக்குப் போகவில்லை. ஐஸ் கம்பெனியில் வாட்ச்மேனாக உட்கார்ந்தான். நஷ்ட ஈடு கேட்டு மனு போட்டோம். நலமாக இருக்கிறார் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்று என் கையெழுத்தை எனக்கே காட்டினார்கள்.

டெய்லர் தன்னைத் திட்டிய யாரிடமும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. செல்வத்துக்கு மட்டும் தானாகவே சட்டை தைத்துக் கொடுத்து அனுப்புவார். வலது பக்கம் கழுத்திலிருந்து தோள் வழியாகக் கை முடிகிற வரைக்கும் திறந்துவிட்டு, அழுத்துகிற பொத்தான் வைத்த சட்டை. கையைத் தூக்காமலே போட்டுக்கொள்ளலாம். போட்ட பிறகு பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஊரில் எல்லோரையும் எல்லாம் கேட்டவர், ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று என்னை மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று நான் மீமிசலுக்குப் போனால்கூடக் கடைத்தெருப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். ஒருமுறை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தார். திரும்பிப் பார்த்து, “நல்லா இருக்கியாத்தா?” என்றார். “நல்லா இருக்கேண்ணே” என்றேன். அத்தோடு விட்டுவிட்டார். அவர் அப்படி விட்டது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

போன புரட்டாசியில் இறந்துபோனார். நெஞ்சுவலி. பதினாறாம் நாளுக்கு நானும் செல்வமும் கிளம்பினோம். அவர் தைத்துக் கொடுத்த சட்டைகள் எல்லாம் நைந்துபோயிருந்தன. கடையில் வாங்கிய புதுச் சட்டையைப் போட்டுவிடும்போது, வலது கையைச் சட்டைக்குள் விடுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவனுக்கு வலித்திருக்கும், சொல்லவில்லை. அந்த எரிச்சலில், இத்தனை வருஷமாகச் சொல்லிவந்ததையே சொன்னேன்.

“நல்ல மனுஷன்தான். ஆனா அன்னைக்கு அந்த ஆபீசர் முன்னாடி ஒன்னய மாட்டிவிடாம இருந்திருக்கலாம். கேக்கணும்னு தோணினா கேட்டுருவாரு. அடுத்தவன் கதி என்ன ஆகும்னு பாக்க மாட்டாரு.”

செல்வம் என் பக்கம் திரும்பினான்.

“பாத்தாருக்கா” என்றான். “இடுப்பு அளவு எடுக்கக் குனிஞ்சாருல்ல, அப்பக் கேட்டாரு. ‘தம்பி, நான் கேட்டா ஒனக்குத்தான் கஷ்டம் வரும். கேக்கவா, வேணாமா’ன்னாரு. ‘கேளுங்கண்ணே, வலி தாங்க முடியல’ன்னு நாந்தான் சொன்னேன்.”

“பெறகு ஏண்டா விழுந்துட்டேன்னு சொன்ன?”

“நீ அவரு சட்டயப் புடிச்சு இழுத்தியே. அதப் பாத்துட்டுத்தான்.”

சட்டையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில், “ஊரே அவரத் திட்டுச்சேடா. நான் திட்டுனேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அவரு” என்றேன்.

“நான் சொல்றேன்னு போனேன். ‘வேணாம் தம்பி, ஒங்கக்கா தாங்காது. என்னையவே திட்டிக்கிட்டு இருக்கட்டும்’னுட்டாரு.”

மேல் பொத்தானைப் போட்டேன். அடுத்த பொத்தானின் துளை கண்ணுக்குத் தெரியவில்லை. தடவிக்கொண்டே இருந்தேன். செல்வம் இடது கையால் என் கையை விலக்கிவிட்டு, மீதிப் பொத்தான்களை அவனே போட்டுக்கொண்டான்.